வேலியில் படரும் தூதுவளையை குடுவையில் வளர்ப்பது ஏன்? காரைக்குடி ஆய்வு சொல்வது என்ன?

சளி பிடிச்சா தூதுவளை ரசம். நம்ம ஊர் வீடுகளில் இதற்கு விளக்கமே தேவையில்லை. வேலியோரம் முள்ளும் ஊதாப் பூவுமாக தானாகவே படர்ந்து கிடக்கும் கொடி அது. அதைத்தான் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்ணே இல்லாமல் கண்ணாடிக் குடுவைக்குள் வளர்த்துப் பார்த்தார்கள். அதுவும் முழுச் செடியை அல்ல, வேரை மட்டும். அந்த ஆய்வு 2015-ல் 'இண்டஸ்ட்ரியல் கிராப்ஸ் அண்ட் ப்ராடக்ட்ஸ்' என்ற சர்வதேச இதழில் வெளியானது.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்?

ரசத்துக்காக இல்லை. தூதுவளையில் இருக்கும் 'சோலசோடின்' என்ற வேதிப்பொருளுக்காக. ஸ்டீராய்டு மருந்துகள், ஹார்மோன் மருந்துகள் தயாரிக்க இதை மூலப்பொருளாகப் பயன்படுத்த முடியும்.

செடியிலிருந்தே எடுக்கலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம்தான். ஆனால் மழை நல்லா பெய்த வருஷம் ஒரு அளவு, காய்ந்த வருஷம் வேறு அளவு என்று இந்தப் பொருள் ஒரே சீராகக் கிடைக்காது. சிவகங்கை மாதிரி வானம் பார்த்த பூமியில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. மருந்து கம்பெனிக்கோ ஒவ்வொரு முறையும் ஒரே தரம் வேண்டும்.

குடுவைக்குள் வேர் எப்படி வளரும்?

'திசு வளர்ப்பு' என்றதும் பலருக்கும் வாழைக்கன்றுதான் ஞாபகம் வரும். அங்கே நோக்கம் கன்று. இங்கே கன்று தேவையில்லை, செடிக்குள் இருக்கும் சரக்குதான் தேவை.

மண்ணில் வாழும் 'அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ்' என்ற பாக்டீரியாவுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. செடியில் காயம் பட்ட இடத்தில் நுழைந்து, தன் மரபணுவில் ஒரு துண்டை செடியின் செல்லுக்குள் செருகிவிடும். உடனே அந்த இடத்தில் முடி முடியாக வேர்கள் கிளம்பும். 'முடிவேர்' என்று பெயர். அந்த வேரை வெட்டி எடுத்து, பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு, சர்க்கரையும் உப்புச்சத்துகளும் கலந்த நீரில் போட்டால் போதும். தனியாக ஹார்மோன் எதுவும் சேர்க்காமலேயே மளமளவென்று வளரும்.

உருவமில்லாத செல் கட்டியாகவும் வளர்க்கலாம். ஆனால் அப்படி வளரும் செல்கள் பல நேரங்களில் மருந்துப் பொருளைத் தயாரிக்கும் வேலையையே மறந்துவிடும். வேர் வேராகவே வளர்ந்தால் அந்தச் சிக்கல் குறைவு.

செடியை ஏமாற்றும் மல்லி வாசம்

சுவாரஸ்யமே இனிமேல்தான். செடி இந்த மாதிரிப் பொருட்களைத் தயாரிப்பது நமக்காக இல்லை. பூச்சி, பூஞ்சை தாக்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். புழு கடித்ததும் செடிக்குள் அபாய மணி அடிக்கும் வேலையைச் செய்யும் பொருட்களில் ஒன்று 'மெத்தில் ஜாஸ்மோனேட்'. 1962-ல் இது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது நம்ம பிச்சிப் பூவின் வாசனை எண்ணெயிலிருந்து. ஜாஸ்மின் என்பதிலிருந்து வந்த பெயர்தான்.

காரைக்குடி ஆய்வில் இதைத்தான் குடுவைக்குள் கலந்தார்கள். புழுவும் இல்லை, கடியும் இல்லை. ஆனால் தாக்குதல் வந்துவிட்டதாக நினைத்து வேர் அதிக சோலசோடினைத் தயாரித்தது. அதே பல்கலைக்கழகத்தில் நீர்ப்பிரம்மித் தண்டுகளில், இந்தப் பொருளுடன் சாலிசிலிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது 'பேகோசைடு ஏ' அளவு கூடியது. நினைவாற்றலோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பொருள் அது. இந்த முடிவும் 2015-ல்தான் வெளியானது.

இது வியாபாரமாக ஆகியிருக்கிறதா?

ஆகியிருக்கிறது, ஆனால் வெகு சில பொருட்களில் மட்டும். ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் 1980-களிலேயே 'ஷிகோனின்' என்ற சிவப்புச் சாயத்தை செல் வளர்ப்பில் தயாரித்து விற்றது. லிப்ஸ்டிக்கில்கூட போட்டார்கள். பெரிய வெற்றி என்றால் புற்றுநோய் மருந்து 'பேக்லிடாக்சல்'. அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து எடுத்த மருந்து அது. ஒரு கிலோ மருந்துக்கு டன் கணக்கில் பட்டை தேவைப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். இப்போது பெரிய எஃகுத் தொட்டிகளில் செல்களை வளர்த்தே இதைத் தயாரிக்கிறார்கள். இந்த முறைக்காக பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனத்துக்கு 2004-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது.

தூதுவளைக்குக் கட்டுப்படியாகுமா?

இங்கேதான் நிதானம் தேவை. குடுவை, சத்துநீர், ஏசி அறை, கரண்ட் பில் எல்லாமே செலவு. ஒரே ஒரு பூஞ்சை வித்து உள்ளே போனாலும் மொத்தக் குடுவையும் வீண். வேலியில் சும்மா கிடைக்கும் கொடியோடு இது விலையில் போட்டி போட முடியாது. தூதுவளையை ஒரு பயிற்சிக் களம் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

இந்த முறைக்கு உண்மையான தேவை இருப்பது வேருக்காகவே பிடுங்கப்படும் மூலிகைகளில். கீரையைப் பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும், வேரைத் தோண்டினால் செடியே போச்சு. அமுக்கரா அந்த ரகம். அதன் 'விதனோலைடு' பொருட்களை செல் வளர்ப்பில், குடுவையைத் தாண்டி தொட்டி அளவிலும் உற்பத்தி செய்து காட்டிய ஆய்வு ஒன்று திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலிருந்து 2014-ல் வெளியானது.

இன்னொரு விஷயம். முடிவேர் என்பது பாக்டீரியாவின் மரபணு நுழைந்த வேர். அதிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கலாமே தவிர, வேரையே அரைத்து சாப்பிடுவதற்கானது அல்ல. ரசத்துக்கு வேலியில் இருக்கும் தூதுவளையே போதும், முள்ளை மட்டும் பார்த்து எடுத்துவிடுங்கள்.