பருத்திக்கு ஒரு காட்டுச் சொந்தம்

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போனால் ஒரு பூவரசம் பூவைக் கவனியுங்கள். காலையில் மஞ்சள், சாயங்காலம் செம்மை ஏறி வாடிவிடும். பருத்திப் பூவும் வெளிர்மஞ்சளாக விரிந்து மறுநாள் சிவக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தம்தான். ஆனால் பூவரசின் மகரந்தம் பருத்தியில் காய் பிடிக்காது. பருத்திக்குப் புதுக் குணம் ஏற்றப் பருத்திப் பேரினத்துக்குள்ளேயே காட்டுச் செடி வேண்டும்.

பருத்தியில் சுமார் 50 இனங்கள். நாம் பயிரிடுவது நான்கே. அதிலும் வயல்களில் பெரும்பாலும் ஒன்றுதான்: ஹிர்சுட்டம். இந்தியாவுக்கு 2002-இல் வந்த பி.டி. பருத்தி காய்ப்புழுவைத் தடுக்க வந்தது. தத்துப்பூச்சியை அது ஒன்றும் செய்யாது. இலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பச்சைப் பூச்சி இது. இலை ஓரம் கீழ்நோக்கி வளையும், மஞ்சளாகும், சிவந்து கருகும்.

மெக்சிகோவின் அர்மோரியானம், பெருவின் ரைமாண்டி என்ற காட்டுப் பருத்திகளைத் தத்துப்பூச்சி அவ்வளவாக நெருங்காது. அவற்றை ஹிர்சுட்டத்தோடு கலக்கும் வேலை கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் நடந்திருக்கிறது. முந்தின நாள் மாலை மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை நீக்க வேண்டும். மறுநாள் காலை காட்டுச் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். சிக்கல் அதற்கப்புறம்தான். ஹிர்சுட்டத்துக்கு 52 குரோமோசோம், காட்டுச் செடிக்கு 26. பிள்ளைக்கு 39 வரும். இணை சேராமல் மலடாகிவிடும். கோல்சிசின் மருந்தால் அதை 78 ஆக இரட்டித்தால் விதை பிடிக்க வழி உண்டு. நம் மாநிலப் பூவான செங்காந்தளில் இருக்கும் அதே நஞ்சுதான் கோல்சிசின்.

விதை கிடைத்தாலும் நல்ல பஞ்சு இருக்காது. காட்டுச் செடியில் நூற்கிற இழையே கிடையாதே! திரும்பத் திரும்பப் பயிர்ப் பருத்தியோடு கலந்து, வேண்டாததைக் கழிக்க ஐந்தாறு தலைமுறை போகும். வேண்டியதிலும் வில்லங்கம் உண்டு. இலையில் ரோமம் அடர்ந்தால் தத்துப்பூச்சி விலகும், வெள்ளை ஈக்கோ அது வசதி. காய்ந்த சருகும் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். என் கண்ணுக்கு அர்மோரியானம்தான் கெட்டிக்காரச் செடி. வழவழப்பான இலையை வைத்துக்கொண்டே பூச்சியைத் தடுக்கிறது, மொட்டைச் சுற்றிய பூவடிச் செதில்களையும் சீக்கிரமே உதிர்த்துவிடுகிறது.

தேறியது எது என்று பார்க்கும் சோதனை வயலில் மருந்தே அடிப்பதில்லை. வரிசைகளுக்கு நடுவே வெண்டை விதைப்பார்கள். தத்துப்பூச்சிக்கு வெண்டை என்றால் உயிர். அதைத் தேடி வரும் கூட்டம் பக்கத்துப் பருத்தியையும் உறிஞ்சிப் பார்க்கும். கருகாமல் நிற்கும் செடிக்கு மட்டும் அடையாளச் சீட்டு.