உங்களுக்குத் தெரியுமா? யோசனைப் பெட்டி முதல் கம்பெனி இன்ட்ராநெட் வரை

● திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை தொடங்கிய அதே 1965இல்தான், நல்ல யோசனை சொல்லும் தொழிலாளிக்கு மத்திய அரசு விருது தரும் திட்டமும் ஆரம்பமானது. முதலில் அதன் பெயர் 'ஷ்ரம் வீர்', பின்னர் 'விஸ்வகர்மா ராஷ்ட்ரீய புரஸ்கார்'. திருச்சி பெல் தொழிலாளர்களும் இதை வாங்கியிருக்கிறார்கள். யோசனையை எழுதிப் போட்டால் மட்டும் போதாது. நிர்வாகம் அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். சரியான நிபந்தனை!

● ஒரே பிரிவில் வேலை பார்க்கும் சிலர் அடிக்கடி கூடி, தங்கள் வேலையில் உள்ள சிக்கலைத் தாங்களே தீர்ப்பது 'குவாலிட்டி சர்க்கிள்'. ஜப்பானிய முறை. இந்தியாவில் இதை 1980இல் முதலில் தொடங்கியதும் பெல்தான், ஹைதராபாத் ஆலையில்.

● 1898இல் கோடக் கம்பெனியில் பரிசு பெற்ற முதல் யோசனை என்ன தெரியுமா? ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் உள்ளே வெளிச்சம் வரும் என்பது. பரிசு 2 டாலர். இதைச் சொல்ல எம்.பி.ஏ. வேண்டாம், அந்த இருட்டில் தினம் நின்று வேலை பார்த்தால் போதும்.

● டொயோட்டாவின் யோசனைத் திட்டம் 1951இல் வந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையில் பார்த்துவிட்டு வந்து தொடங்கியது!

● ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் ஊழியராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்கு அவருடையது. கதை எழுதியதெல்லாம் ஆபீஸ் போக மீதி நேரத்தில்.

● டி.சி.எஸ். ஊழியர்கள் கேள்வி கேட்கவும் யோசனை பகிரவும் 'நோம்' என்ற உள்வலைத்தளம் வந்தபோது அங்கே சி.இ.ஓ. என். சந்திரசேகரன். திருச்சி ஆர்.இ.சி.யில் (இன்றைய என்.ஐ.டி.) எம்.சி.ஏ. படித்தவர்.

● ஹெச்.சி.எல். நிறுவனர் ஷிவ் நாடார் பள்ளிப்படிப்பை முடித்தது திருச்சியில். அவருடைய கம்பெனியில் வினீத் நாயர் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது இன்ட்ராநெட்டில் இரண்டு பக்கங்கள் பேர்போனவையாக இருந்தன. 'யூ அண்ட் ஐ'யில் எந்த ஊழியரும் சி.இ.ஓ.விடமே கேள்வி கேட்க முடிந்தது. எவ்வளவு காரமாக இருந்தாலும் கேள்வியும் பதிலும் எல்லார் கண்ணிலும் பட்டன. 'ஸ்மார்ட் சர்வீஸ் டெஸ்க்'கில் ஹெச்.ஆர்., நிதி என எந்தப் பிரிவின்மீதும் புகார் டிக்கெட் போட முடிந்தது. "வேலை முடிந்தது" என்று அந்தப் பிரிவே டிக்கெட்டை மூடிவிட முடியவில்லை. போட்ட ஊழியர்தான் மூட வேண்டியிருந்தது.