மெக்ஸிகோ நகரத்தின் பேசும் சுவர்கள்

சித்திரம் பார்க்க வேண்டுமானால் சித்திரசாலைக்குத்தான் போக வேண்டும் என்பது உலகத்தாரின் பொதுவான எண்ணம். மெக்ஸிகோ தேசத்தின் தலைநகரிலோ அந்த நியதி செல்லாது. அங்கே பள்ளிக்கூடத்து மாடிப்படியிலும், சர்க்கார் காரியாலயத்தின் தாழ்வாரத்திலும், காய்கறிச் சந்தையின் சுவரிலுங்கூட உயர்ந்த சித்திரங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. தனவந்தர் வீட்டுக் கூடத்தில் மாட்டி வைக்கும் சித்திரத்தை விலைக்கு வாங்கலாம், விற்கலாம். சுவரில் எழுதிய சித்திரத்தை யார் வாங்க முடியும்? அது ஊராரின் சொத்து. ஆனால் ஊராரின் சொத்தை ஊரார் எப்பொழுதும் போற்றினார்களா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே அந்த நகரத்தின் பழைய பகுதியை ஒரு நாள் முழுவதும் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தோம்.

ஸொக்காலோ என்னும் பெரிய சதுக்கத்தில் காலை ஒன்பது மணிக்குக் கூடினோம். பல தேசத்தாருமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். வழிகாட்டியாக வந்த அம்மையார் சரித்திரம் கற்றவர். நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு மூச்சு வாங்கும் என்றும், மெல்ல நடந்தால் போதும் என்றும் முதலிலேயே எச்சரித்தார். நாம் நின்ற இடம் ஒரு காலத்தில் ஏரியின் நடுவே இருந்த தீவு; ஆஸ்டெக் மக்களின் ராஜதானி. 1521-இல் ஸ்பானியர் அதைக் கைப்பற்றிக் கோயில்களை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே தங்கள் நகரத்தை எழுப்பினார்கள். ஜயித்தவர் எழுதிய சரித்திரத்தைத் தோற்றவரின் சந்ததியார் நானூறு வருஷங்களுக்குப் பின் சுவரில் திருத்தி எழுதிய கதையே நாம் காண வந்தது.

சுவர்களைத் திறந்துவிட்ட மந்திரி

1910-இல் மெக்ஸிகோவில் பெரும் புரட்சி மூண்டது. பத்து வருஷம் ரத்தம் சிந்திய பின் ஒருவாறு அமைதி ஏற்பட்டபோது, தேசத்தில் பெரும்பாலோர் எழுத்து வாசனை அறியாதவர்களாக இருந்தார்கள். 1921-இல் கல்வி மந்திரியான ஹோஸே வாஸ்கோன்ஸேலோஸ் கிராமந்தோறும் பள்ளிகளையும் புத்தகசாலைகளையும் திறக்க முற்பட்டார். அதோடு நில்லாமல், பொதுக் கட்டடங்களின் சுவர்களைச் சித்திரக்காரர்களிடம் ஒப்படைத்தார். படிக்கத் தெரியாதவனும் பார்க்கத் தெரிந்தவன் அல்லவா?

அழைப்பை ஏற்று வந்தவர்களுள் தியேகோ ரிவேரா, ஹோஸே கிளமென்டே ஓரோஸ்கோ, டேவிட் அல்ஃபாரோ ஸிகேரோஸ் என்னும் மூவரும் பின்னர் உலகப் புகழ் பெற்றார்கள். சித்திரக்காரர்கள் தங்களைக் கொத்தர், தச்சரைப் போன்ற தொழிலாளிகளாகவே கருதிச் சங்கமும் அமைத்துக் கொண்டார்கள். அவர்கள் செய்தது கொத்தனாரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலைதான். அன்றன்று எழுதக்கூடிய அளவு சுவருக்கு மட்டும் கொத்தனார் புதிய சுண்ணாம்புச் சாந்து பூசுவார். அது ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் குழைத்த வர்ணத்தைத் தீட்டி முடிக்க வேண்டும். சாந்து உலரும்பொழுது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும். வர்ணமும் அதனுள்ளே நிலைத்துவிடும். பிழை நேர்ந்தால் அழித்துத் திருத்த இயலாது. சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசத்தான் வேண்டும். ஆரம்பத்தில் புராதன முறை என்று எண்ணிக் கள்ளிச் சாற்றைக் கலந்துகூட ரிவேரா முதலியோர் சோதித்தார்கள். கறை கண்டதால் அதை விட்டுவிட்டார்கள்.

மாணவர்களின் கோபம்

முதலில் நாம் சென்ற இடம் ஸான் இல்டெஃபோன்ஸோ. 1588-இல் ஜெஸூயிட் பாதிரிமார் தொடங்கிய கல்விச்சாலை. பின்னர் தேசிய ஆயத்தப் பள்ளியாயிற்று. இப்பொழுது கலைக்கூடமாக இருக்கிறது. இங்கேதான் 1922-இல் இந்த இயக்கம் பிறந்தது. சபா மண்டபத்தில் ரிவேரா 'சிருஷ்டி' என்னும் சித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தப் பள்ளியில் படித்த மாணவிகளில் ஒருத்தி பிற்காலத்தில் அவரை மணந்த ஃபிரிதா காலோ.

ஆனால் இந்தக் கட்டடத்தின் உண்மையான நாயகர் ஓரோஸ்கோ. இளமையில் வெடிமருந்து விபத்தில் இடக்கையை இழந்தவர். 1923-இல் இங்கே வேலையைத் தொடங்கினார். அவருடைய சித்திரங்களைப் பழமை விரும்பிகளான மாணவர்கள் வெறுத்தார்கள். 1924-இல் அவற்றைத் தாக்கிச் சேதப்படுத்தினார்கள், வேலையும் நின்றுபோயிற்று. கற்றறிந்த பிள்ளைகளே அதைச் செய்தார்கள் என்பதைக் கேட்டபோது நம்முள் பலர் தலை குனிந்தோம்.

1926-இல் ஓரோஸ்கோ திரும்பி வந்தார். தம்முடைய பழைய சித்திரங்கள் சிலவற்றைத் தாமே அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அவற்றுள் ஒன்று 'பதுங்கு குழி'. மூன்று போர்வீரர்கள், ஒருவருடைய முகமும் தெளிவாகத் தெரிவதில்லை. ஒருவன் முழந்தாளிட்டுக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறான். கொடியும் இல்லை, வெற்றி முழக்கமும் இல்லை. புரட்சியைக் கொண்டாடச் சொல்லிக் கொடுத்த சுவரில், புரட்சியின் விலை இன்னதென்று எழுதிக் காட்டிய துணிவு எத்தகையது! மாடிப்படியின் மேல், ஸ்பானியத் தளபதி கோர்டெஸும் அவனுக்குத் துபாஷியாக இருந்த மாலின்சே என்னும் சுதேசிப் பெண்ணும் கைகோத்து வீற்றிருக்கிறார்கள். அவர்கள் காலடியில் ஒரு சுதேசியின் உடல் கிடக்கிறது. அதைக் கண்டு நம் கூட்டத்தில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

ரொட்டி பங்கிடும் இந்தியர்

அடுத்த தெருவில் கல்வி மந்திரி காரியாலயம். முற்றங்கள் இரண்டு, ஒன்று உழைப்புக்கு, மற்றொன்று திருவிழாவுக்கு. மூன்றடுக்குத் தாழ்வாரங்களின் சுவர்களில் 1923 முதல் 1928 வரையில் ரிவேரா தீட்டிய சித்திரங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை. சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளி, வெளியே வரும்போது சோதனையிடப்படும் தொழிலாளி, நெசவாளர், சாயத் தொழிலாளர், மக்காச்சோள அறுவடை, மரித்தோரை நினைக்கும் திருநாள் என்று ஒரு தேசத்தின் வாழ்வு முழுவதும் அங்கே நடமாடுகிறது. 2024-இல் இக்கட்டடத்தைச் சுவர்ச் சித்திரங்களுக்கென்றே ஒரு காட்சிசாலையாகப் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

மேல் மாடியில் ஒரு சித்திரத்தின் முன் அம்மையார் நின்று, இந்தியாவிலிருந்து வந்திருப்பவர் யார் என்று வினவினார். நாம் முன்னே சென்றோம். 'நமது ரொட்டி' என்பது சித்திரத்தின் பெயர். ஒரு மேஜையைச் சுற்றி ஏழை எளியவர் அமர்ந்திருக்க, அவர்களுக்கு ரொட்டியைப் பங்கிடுகிறார் ஒருவர். அவர் பாண்டுரங்க கான்கோஜே!

வார்தாவில் 1884-இல் பிறந்த கான்கோஜே, அந்நிய ஆட்சியை ஆயுதம் ஏந்தி எதிர்க்கத் துணிந்து தேசத்தை விட்டு வெளியேறியவர். அமெரிக்காவில் விவசாயம் பயின்றார்; கதர் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவராயிருந்தார்; முதல் மகாயுத்தத்தின்போது பாரசீகத்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்டார். தாயகம் திரும்ப வழியில்லாமல் 1924-இல் மெக்ஸிகோ வந்து சேர்ந்தார். சாப்பிங்கோ விவசாயக் கல்லூரியில் ஆசிரியராகி, மக்காச்சோள விதைகளை ஆராய்ந்தார். குடியானவர்களுக்கு இலவச விவசாயப் பள்ளிகள் நடத்தினார். அந்தக் கல்லூரியிலும் ரிவேரா சுவர்ச் சித்திரம் எழுதியிருக்கிறார். சுதந்திரம் வந்தபின் கான்கோஜே இந்தியாவுக்குத் திரும்பி, 1967-இல் நாகபுரியில் காலமானார். 2022-இல் சாப்பிங்கோவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

நம் பாடப் புத்தகங்களில் தேடினாலும் எளிதில் காணக் கிடைக்காத ஒரு தேசபக்தரைப் பதினாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு சுவர் நினைவில் வைத்திருக்கிறது. அவரைத் துப்பாக்கியோடு எழுதவில்லை, ரொட்டியோடு எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தை விட்டு நகர நமக்கு மனமே வரவில்லை.

காய்கறிகளின் நடுவே

அங்கிருந்து சில தெருக்கள் கடந்தால் அபெலார்டோ ரோட்ரிகெஸ் சந்தை. இன்றும் மிளகாயும் தக்காளியும் கூவி விற்கப்படும் சந்தை இது. 1934 முதல் 1936 வரையில் ரிவேராவின் மேற்பார்வையில் இளம் சித்திரக்காரர்கள் பலர் இங்கே எழுதினார்கள். அமெரிக்க சகோதரிகள் மரியனும் கிரேஸ் கிரீன்வுட்டும் அவர்களுள் உண்டு. உணவின் சத்துக்களைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். அவர்களோ உணவை விளைவிப்பவன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்று எழுதிவிட்டார்கள்! மாடியில் இஸாமு நொகுச்சி என்னும் சிற்பி செங்கல்லிலும் வர்ணம் கலந்த சிமெண்டிலும் சமைத்த புடைப்புச் சிற்பம் சுமார் 22 மீட்டர் நீளம் ஓடுகிறது. அதில் ஐன்ஸ்டீனுடைய பிரசித்தமான சமன்பாடும் இடம் பெற்றிருக்கிறது. அதைச் சரியாகத் தெரிந்துகொள்ள நொகுச்சி தம் நண்பர் பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்குத் தந்தி அடித்தாராம்.

ஆனால் இங்கே நம் மனம் வருந்தியது. ஈரம் ஏறிப் பல இடங்களில் வர்ணம் உரிந்திருக்கிறது, மங்கியும் போயிருக்கிறது. கலைக்கூடத்துச் சுவருக்குக் காவலாளி உண்டு. நுழைவுச் சீட்டும் உண்டு. சந்தைச் சுவருக்கு இரண்டும் இல்லை. யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஜனங்களின் நடுவே இருக்கும் சித்திரம் நலிகிறது. அவர்களிடமிருந்து சற்று விலக்கி வைத்த சித்திரம் பிழைக்கிறது. இந்த முரண்பாட்டுக்கு யார் விடை சொல்வது?

இடித்த சுவரும் இடம் பெயர்ந்த சுவரும்

பிற்பகலில் மேற்கே நடந்து, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட நுண்கலை மாளிகையை அடைந்தோம். அங்கே உள்ள ரிவேராவின் பெரிய சித்திரத்துக்கு ஒரு முன்ஜென்மம் உண்டு. 1933-இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் குடும்பத்தாரின் கட்டடத்தில் அதை எழுதும்போது லெனினுடைய முகத்தை அதில் சேர்த்தார். எடுத்துவிடும்படி கேட்டார்கள், மறுத்தார். கூலியை முழுவதும் கொடுத்து அவரை வெளியேற்றினார்கள். 1934 பிப்ரவரியில் சுவரையே கொத்தித் தள்ளினார்கள். அதே வருஷம் அதே கருத்தை மெக்ஸிகோவில் மறுபடி எழுதினார் ரிவேரா. இம்முறை ராக்ஃபெல்லரையும் மதுக்கிண்ணத்தோடு சித்திரத்தில் சேர்த்துவிட்டார்!

ரிவேராவை மட்டும் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. கல்வி மந்திரி காரியாலயத்தின் இரண்டாம் முற்றத்தில் ழான் ஷார்லோ என்னும் சகா எழுதியிருந்த ஒரு சித்திரத்தை அழித்துவிட்டுத்தான் ரிவேரா தம்முடைய சித்திரத்தை எழுதினார். சுவர் பொதுச் சொத்தானால் அதன்மேல் கை வைக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டாகிறது போலும்.

கடைசியாக அலமேடாப் பூங்காவின் மேற்குக் கோடிக்கு வந்தோம். 1947-இல் ஒரு ஹோட்டலின் போஜனசாலையில் ரிவேரா தீட்டிய 'ஞாயிறு மாலைக் கனவு' இங்கே இருக்கிறது. நீளம் 15 மீட்டருக்கு மேல். நானூறு வருஷத்து மனிதர்கள் ஒரே பூங்காவில் உலாவுகிறார்கள். நடுவே சிறுவனாக ரிவேரா, அலங்காரத் தொப்பி அணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டியின் கையைப் பற்றி நிற்கிறார். சித்திரத்தில் ஒருவர் கையிலிருந்த தாளில் கடவுள் இல்லை என்ற வாசகம் இருந்தது. கோபங்கொண்டவர்கள் அதைச் சுரண்டினார்கள். பல வருஷங்கள் சித்திரம் மூடிக் கிடந்தது. 1956-இல் ரிவேரா தாமே அதை அழித்து வேறு வாசகம் எழுதினார். அடுத்த வருஷம் காலமானார்.

1985 செப்டம்பரில் நேர்ந்த பூகம்பத்தில் ஹோட்டல் உருக்குலைந்தது, சித்திரமோ தப்பியது. அடுத்த வருஷம் அந்தப் பெருஞ் சுவரைப் பெயர்த்து வீதியில் மெதுவாக நகர்த்திக் கொண்டுவந்து, அதற்கென்றே ஒரு காட்சிசாலையைக் கட்டி, 1988-இல் திறந்தார்கள். ஒரு காலத்தில் எந்தச் சித்திரத்தைச் சுரண்டினார்களோ அந்தச் சித்திரத்துக்கு ஊரே இடம் தேடிக் கொடுத்தது!

மாலை வெயில் சாயும் வேளையில் அந்தக் காட்சிசாலையின் வாயிலில் அம்மையாரிடம் விடை பெற்றுக்கொண்டோம். பொதுச் சுவரில் எழுதிய சித்திரம் சண்டையின்றி வாழ்வதில்லை. அதன்மேல் கல் விழலாம், வெள்ளையடிக்கச் சொல்லலாம், ஈரம் ஏறலாம். அது நிலைத்து நிற்பது சாந்தின் உறுதியால் மட்டும் அன்று. அது நம்முடையது என்று சண்டை ஓய்ந்த பிறகாவது உணர்ந்து, தோள் கொடுத்துச் சுமக்க ஜனங்கள் வர வேண்டும். நாளைக் காலையில் சந்தையில் தக்காளி வாங்க வரும் ஒருவர் தலை நிமிர்ந்து அந்த மங்கிய சுவரைப் பார்ப்பாரானால், அதற்கும் ஒரு நாள் விடிவு பிறக்கும்.