பெட்டியைத் திறந்தால் மக்கல் வாடையா? பாச்சை உருண்டை போட்டு மறைக்காதீங்க!

குடியாத்தம்—

"இன்னாம்மா இது, சட்டை இப்படி நாறுது?"

ஐப்பசி, கார்த்திகை வந்தால் குடியாத்தத்தில் இந்தக் கேள்வி எழாத வீடு அபூர்வம். ஆபீசுக்குக் கிளம்புகிறவர் பீரோவைத் திறக்கிறார். மடிப்புக் கலையாத சட்டை. சோப்புப் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டு வைத்ததுதான். மூக்கருகே கொண்டுபோனால் குப்பென்று மக்கல் வாடை!

கல்யாணத்துக்குக் கட்ட எடுத்த பட்டுப்புடவையிலும் அதே வாடை. விருந்தாளிக்கு விரித்த ஜமுக்காளத்திலும் அதே வாடை.

உடனே என்ன செய்கிறோம்? கடைக்குப் பையனை அனுப்பி ஒரு பாக்கெட் பாச்சை உருண்டை வாங்குகிறோம். பெட்டிக்கு நாலு, பீரோவுக்கு நாலு போடுகிறோம். வாடை போன மாதிரி இருக்கிறது.

போகவில்லை. ஒளிந்துகொண்டிருக்கிறது! கூடவே வீட்டுக்குள் ஓர் ஆபத்தும் வந்து உட்கார்ந்துவிட்டது.

வாடைக்குக் காரணம் யார்?

மக்கல் வாடை துணியின் வாடை அல்ல. துணியில் குடியிருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் விடுகிற வாயுக்களின் வாடை. அவற்றுக்குத் தேவை இரண்டே இரண்டு: கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தீனி. வியர்வை, உடம்பு எண்ணெய், கஞ்சி, சரியாக அலசாத சோப்பு எல்லாமே அவற்றுக்குத் தீனிதான்.

மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம். கையால் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் துணியில், காலர் மடிப்பிலும் தையலிலும் ஈரம் மிச்சம் இருக்கும். அதை மடித்து, காற்றுப் புகாத பெட்டியில் வைத்துப் பூட்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இன்னொரு சங்கதி. காலையில் போடும்போது வாசனையாக இருக்கும் சட்டை, பஸ்ஸில் நாலு பேர் நெருக்கத்தில் வியர்த்தவுடன் நாறும். பல பேருக்கு இந்த அனுபவம் உண்டு. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் இதற்கு விடை சொன்னார்கள். துவைத்த துணியில் வரும் ஈர வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா என்ற பாக்டீரியா. காய்ந்தாலும் சுலபத்தில் சாகாது. வெயிலின் புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். மறுபடி ஈரம் பட்டால் வேலையைத் தொடங்கிவிடும்!

பச்சைக் குழந்தைக்கு ஆபத்து

சரி, பாச்சை உருண்டை இந்தக் கிருமியைக் கொல்லுமா? கொல்லாது. ஈரத்தை உறிஞ்சுமா? உறிஞ்சாது. நாப்தலீன் என்ற அந்தச் சரக்கு பூச்சியை விரட்டத்தான். அதன் காட்டமான நெடி மக்கல் வாடையை மூடி மறைக்கிறது, அவ்வளவுதான்.

ஆபத்து இங்கேதான். நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் புதுத் துணி சுற்றுவதில்லை. பெட்டியிலிருந்து பழைய வேட்டியையோ, பாட்டியின் நூல் புடவையையோ எடுத்துக் கிழித்துச் சுற்றுகிறோம். மெத்தென்று இருக்குமே என்ற நல்லெண்ணம். அந்தப் பெட்டியில் பாச்சை உருண்டை கிடந்திருந்தால்?

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பார்த்தால் தெரியாது. இப்படிப்பட்ட குழந்தையின் உடம்பில் நாப்தலீன் ஏறினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன. மஞ்சள் காமாலை கடுமையாகும். மூளை பாதிக்கப்படலாம். உயிரே போகலாம். எண்ணெய் தேய்த்த உடம்பு என்றால் நாப்தலீன் தோல் வழியாக இன்னும் சுலபமாக உள்ளே போகும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பழந்துணியில் சுற்றுவதுதானே நம் பழக்கம்!

குழந்தை வெளிறிப்போனாலோ, கண்ணும் தோலும் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "பாச்சை உருண்டை போட்ட துணியில் சுற்றினோம்" என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் நாப்தலீன் உருண்டைக்கு 2008 முதல் தடை. இங்கே மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. கல்கண்டு, பெப்பர்மிண்ட் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் வாண்டுகளுக்கும் இது விஷம்!

வெள்ளாவி சொன்ன பாடம்

அப்படியானால் வாடையைப் போக்க வழி? நம் ஊரிலேயே இருந்தது. அதுதான் வெள்ளாவி!

சலவைத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேக வைப்பார்கள். காரமும் சூடும் சேர்ந்து அழுக்கையும் கிருமியையும் ஒருசேர ஒழித்தன. வெறும் வெயிலுக்குச் சாகாத கிருமியும் அந்தச் சூட்டில் தப்புவது கஷ்டம். அதையே வீட்டில் சின்ன அளவில் செய்யலாம்.

வெள்ளைத் துணி, சாயம் போகாத பருத்தித் துணி, துண்டு, படுக்கை விரிப்பு: முதலில் வாசலில் வைத்து உதறுங்கள். கை பொறுக்காத சூட்டில், அதாவது 60 டிகிரி வெந்நீரில், சோப்புத் தூளோடு இரண்டு ஸ்பூன் சலவை சோடா கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். கசக்கி, சோப்பு போகும்வரை அலசுங்கள்.

கலர் துணி: ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். வெந்நீர் ஆகாது என்றால், அரை வாளி தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி அரை மணி ஊற வைத்துப் பிறகு துவைக்கலாம்.

எச்சரிக்கை! பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும்.

வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் துவைத்து முடிந்ததும் துணியை உள்ளேயே ஊறப் போடாதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள். ரப்பர் வளையத்தைத் துடையுங்கள். வாடை சில சமயம் அங்கிருந்துதான் வருகிறது!

மழையில் வீட்டுக்குள் காயப் போட்டால், துணிக்குத் துணி இடைவெளி விட்டு, ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போடுங்கள். படுக்கும் அறை வேண்டாம். இஸ்திரி போட்டதும் சூட்டோடு மடித்து அடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் ஆற விடுங்கள்.

கஞ்சி வேண்டாம்

இதை நெசவாளிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கைத்தறி லுங்கிக்குப் பேர்போன ஊர் இது. மழை நாளில் கஞ்சி போட்ட பாவு காயாமல் கிடந்தால் என்ன வாடை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் மட்டும் வேட்டிக்கும் நூல் புடவைக்கும் கஞ்சி போட்டு மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கிறோம். கூடாது! பூஞ்சைக்கு அது பந்தி. வெறுமனே துவைத்து வைத்துவிட்டு, உடுத்தும் சமயத்தில் கஞ்சி போடுங்கள்.

லுங்கிக் கடைக்காரர்களும் கவனிக்க. கட்டுகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரப்பதத்தோடு வந்த சரக்கை பிளாஸ்டிக்கில் கட்டிப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பட்டுக்கும் தோலுக்கும் வேறு வழி

பட்டுக்கு வெந்நீர், சோடா, வினிகர் எதுவும் ஆகாது. நிழலில், காற்றோட்டமாக உலர்த்துங்கள். பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துக்காரர்களுக்குத் தோல் பொருளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் ஷூ, பெல்ட், பை எல்லாம் வெள்ளை பூக்கும். வெளியே வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, நிழலில் காய விடுங்கள். கடும் வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

வெள்ளம் புகுந்தால்...

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்தது. கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் புரண்டு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி நனைந்த துணியில் ஈரம் மட்டுமல்ல, சாக்கடையும் சேர்ந்திருக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் துவைத்துக் காய வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் தப்பலாம். பூஞ்சை ஏறிய இலவம்பஞ்சுத் தலையணை, மெத்தையைக் காய வைத்துப் பயனில்லை. தூக்கிப் போட மனசு வராதுதான். ஆனால் வீட்டில் இழுப்பு நோயாளி இருந்தால் அந்தத் தலையணை அவருக்கு எதிரி.

பெட்டியில் என்ன போடலாம்?

மாத்திரை டப்பாவிலும் ஷூ பெட்டியிலும் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தை எறியாதீர்கள். குழந்தை கைக்கு எட்டாமல் பீரோவில் போடுங்கள், ஈரத்தை இழுக்கும். துணியில் முடிந்த அடுப்புக்கரி வாடையை இழுக்கும். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை இருக்கிறது. பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வெயில் அடிக்கிற நாளில் கதவை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.

பெட்டிக்கு அடியில் மாலைப் பேப்பரை விரிக்கிறவர்கள் உண்டு. மை ஒட்டும். வெள்ளைத் தாள் விரியுங்கள். பேப்பரைப் படித்தால் போதும்!

வீட்டில் பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறதா? இன்றைக்கே பெட்டியைத் திறந்து பாருங்கள். பாச்சை உருண்டை கிடந்த துணியைத் துவைத்தாலும் குழந்தைக்கு வேண்டாம். பாச்சை உருண்டையே பார்க்காத துணியாகப் பொறுக்கி, வெந்நீரில் அலசி, வெயிலில் போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள்.

பிறக்கப்போகிற ராஜாவுக்கோ ராணிக்கோ அதைவிட நல்ல சீர் வேறில்லை!