குறட்டை வெறும் சத்தமல்ல!

“அப்பாவுக்கு நல்ல களைப்பு, அதுதான் இந்தக் குறட்டை” என்று நாம் வீடுகளில் சிரித்துக்கொள்வதுண்டு. ஆனால் அந்தக் குறட்டை திடீரென நின்று, சற்று நேரத்தில் பெருந்திணறலோடு மூச்சு திரும்புமாயின் அது சிரித்துவிட்டுப் போகும் விடயமல்ல. ‘ஸ்லீப் அப்னியா’ எனப்படும் நித்திரை மூச்சுத்தடையாக அது இருக்கலாம்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாசப்பாதையை அடைப்பதே இதன் காரணம். ஒவ்வொரு தடையும் 10 விநாடிகளுக்குக் குறையாது. மணித்தியாலத்திற்கு 30 தடவை மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ கடுமையான நிலையாகும்.

ஒவ்வொரு தடையின்போதும் குருதியில் ஒட்சிசன் குறைந்து பின் சட்டென்று ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தால் ‘சுயாதீன மூலிகங்கள்’ பெருகி, குருதிக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகின்றன. இந்நோயுள்ள பலருக்கு உயர் குருதி அமுக்கம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

இவற்றை அடக்க நம் உடலிலேயே காவலர்கள் உண்டு. அவை சில நொதியங்கள். அவற்றுக்கு மிகச் சிறிய அளவில் உலோகங்களும் தாதுக்களும் தேவை. சுப்பர்ஒட்சைட் டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியத்தின் வகைகளுக்குச் செம்பு, நாகம், மங்கனீசு வேண்டும். குளுட்டதயோன் பெரொக்சிடேசுக்குச் செலனியமும் கற்றலேசுக்கு இரும்பும் வேண்டும்.

அப்படியானால் கடையில் நாகக் குளிசை வாங்கி விழுங்கலாமா? வேண்டாம். நோயாளரின் குருதியில் இவற்றின் அளவு பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. குளிசைகள் மூச்சுத்தடையை மாற்றும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை. நாகம் மிகுந்தால் உடல் செம்பை உறிஞ்சுவது குறையும். செலனியம் மிகுந்தால் முடி உதிரும், நகம் உடையும். மீன், முட்டை, எள்ளு, கச்சான், முளைகட்டிய பயறு என நம் சமையலறையிலுள்ள உணவுகளே இவற்றைத் தரும். பயறை ஊறவைத்து முளைகட்டினால் அதிலுள்ள நாகம் உடலில் சேர்வதும் இலகுவாகும்.

ஆனால் உணவு தொண்டை அடைப்பைத் திறக்காது. அதற்குச் சிகிச்சையே வேண்டும். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் ‘சீபாப்’ கருவியின் வெற்றியை, நாம் வாழும் இந்நாட்டின் சிட்னி நகரிலே பேராசிரியர் கொலின் சலிவனும் குழுவினரும் 1981இல் வெளியிட்டார்கள். இன்றும் முக்கிய சிகிச்சை அதுவே. எடை குறைப்பதும், இரவில் மது தவிர்ப்பதும், பக்கவாட்டில் படுப்பதும் பலருக்கு உதவும். மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

பகலில் தூங்கி வழிதல், காலைத் தலையிடி, ஞாபகமறதி இருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் நித்திரைப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வாகனம் ஓட்டும்போது கண் சொருகுபவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். குறட்டை விடுபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் படுப்பவர் சொன்னால்தான் தெரியும். வெட்கப்படாமல் சொல்லுவோம்; கோபப்படாமல் கேட்போம்.