மார்கழியில் விசாரணை, தையில் கையெழுத்து

தமிழ்நாட்டின் பதிவுத் துறைக்கு 2024 டிசம்பர் 5 அன்று, கார்த்திகை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், ஏறத்தாழ 238 கோடி ரூபாய் வருவாய் கிடைத்தது; 2025 பிப்ரவரி 10 அன்று, தை மாதத்து முகூர்த்த நாளில், ஏறக்குறைய அதே தொகை மீண்டும் ஒரே நாளில் வசூலானது. இவ்விரு உச்சங்களுக்கும் நடுவில் இருப்பது மார்கழி. டிசம்பர் நடுவில் பிறந்து பொங்கலுக்கு முந்தைய நாளோடு முடியும் அம்மாதத்தில் கிரையம், மனை பூசை, புதுமனை புகுவிழா, வாடகை வீடு மாறுதல் ஆகிய எல்லாவற்றையும் பெரும்பாலான குடும்பங்கள் ஒத்திவைக்கின்றன. தரகர்கள் தொழில் படுத்துவிட்டதாகச் சொல்லும் இம்மாதமே, வடசென்னையின் தண்டையார்பேட்டையைப் போன்ற பழைய, தாழ்வான, உரிமைச் சிக்கல் மிகுந்த ஒரு பகுதியில் வீடு வாங்க எண்ணுவோருக்கு ஆண்டின் மிகப் பயனுள்ள மாதமாக அமையக்கூடும்.

மார்கழியின் ஒதுக்கத்துக்குக் காரணம் சமயமும் சோதிடமும் கலந்தது. சூரியன் தனுசு ராசியில் இருக்கும் இம்மாதம் வழிபாட்டுக்கு உரியதாகக் கருதப்படுவதால், குடும்பக் காரியங்கள் தொடங்கப்படுவதில்லை. பஞ்சாங்கங்கள் வாஸ்து நாள்களை ஆண்டில் எட்டு மாதங்களுக்கே குறிக்கின்றன. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கிலும் வாஸ்து நாள் கிடையாது. வட இந்தியாவிலும் இதே காலம் ‘கர்மாஸ்’ என்ற பெயரில் விலக்கப்படுகிறது. பனி பெய்யும் மேலை நாடுகளில் குளிரும் பண்டிகை விடுமுறையும் சேர்ந்து வீட்டுச் சந்தையை மந்தமாக்குகின்றன. அங்கே வானிலை செய்வதை இங்கே நாட்காட்டி செய்கிறது. ஆயினும் வழக்கம் தடுப்பது தொடக்கத்தை மட்டுமே. பத்திரத்தைப் படிப்பதையோ, மனையை அளப்பதையோ, அக்கம்பக்கத்தில் விசாரிப்பதையோ எந்தப் பஞ்சாங்கமும் விலக்கவில்லை என்பதால், மரபை மீறாமலேயே இம்மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

இதன் பயன், தை பிறந்தபின் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தால் தெளிவாகும். வழக்கமான நாளில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கன்களும், இரு சார்பதிவாளர்கள் உள்ள அலுவலகத்துக்கு 200 டோக்கன்களும் ஒதுக்கப்படுகின்றன. டோக்கன் என்பது பதிவுக்கு வருவோருக்கு முன்கூட்டியே வழங்கப்படும் வரிசை எண். முகூர்த்த நாள்களில் அவை முறையே 150, 300 என உயர்த்தப்படுவதைத் துறையே அறிவிக்கிறது. அந்த நெரிசலில் வழக்கறிஞர், ஆவண எழுத்தர், நில அளவையர், வங்கியின் சட்ட ஆலோசகர் என எவருக்கும் ஒரு கோப்பை நிதானமாகப் புரட்ட நேரம் இருப்பதில்லை. நாளைக் குறித்துவிட்டு ஆவணத்தைத் தேடும் குடும்பம், குறை கண்ணில் பட்டாலும் நாள் தவறிவிடுமே என்ற அச்சத்தில் அதைப் பொருட்படுத்தாமல் கையெழுத்திடுவதும் உண்டு.

மழை விட்டுச்சென்ற தடயங்கள்

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. ஆகவே மார்கழி பிறக்கும்போது ஒவ்வொரு தெருவும் அந்த ஆண்டின் தேர்வை அநேகமாக எழுதி முடித்திருக்கும். கிழக்கே கடலும் மேற்கே கொருக்குப்பேட்டையை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயும் உள்ள தண்டையார்பேட்டையில், கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே இருப்பதால், மழைநீர் வடிவது கால்வாயின் நிலையையும் கடலின் ஏற்றவற்றத்தையும் பொறுத்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வடசென்னையின் பல பகுதிகள் நாள் கணக்கில் நீரில் கிடந்தன. மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரை படர்ந்தது.

இத்தகைய நிலத்தில் வீடு பார்க்க வருவோர், சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் தெருவைக் காட்டிலும் மார்கழித் தெருவிலிருந்தே அதிகம் அறிந்துகொள்ளலாம். சுற்றுச்சுவரில் நீர் நின்ற கோடு, கீழ்த்தளச் சுவரில் ஏறிய ஈரம், வாசல்படி சாலையைவிடத் தாழ்ந்திருத்தல், மின் மீட்டர் பெட்டி பொருத்தப்பட்ட உயரம் ஆகியன பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்வரை மறைவதில்லை. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் பகுதி இது என்பதால், மொட்டைமாடித் தளத்தின் அடிப்பக்கத்தில் காரை உதிர்ந்திருக்கிறதா என்பதையும் இம்மாதத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

மார்கழி வெள்ளத்தைக் காட்டினாலும் வறட்சியை மறைத்துவிடும். மழை முடிந்தவுடன் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, கிணற்று நீரின் சுவையும் தற்காலிகமாகத் தேறியிருக்கும். ஏரிகள் வறண்டு சென்னை தவித்த 2019 கோடையைப் போன்ற காலத்தில் அதே கிணறு எப்படி இருந்தது என்பதை அண்டை வீட்டாரிடமே கேட்டறிய வேண்டும். பெட்ரோலியக் கிடங்குகள் உள்ள தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடி எண்ணெய்க் குழாயில் ஏற்பட்ட கசிவால் சில தெருக்களின் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததும் பதிவாகியுள்ளது. ஆகவே நீரை ஆய்வகத்தில் சோதிப்பதும், குடிநீர் வாரிய இணைப்பு முறையாகப் பெறப்பட்டுள்ளதா எனப் பார்ப்பதும் இங்கே தவிர்க்க முடியாதவை.

உரிமையின் அடுக்குகள்

தண்டையார்பேட்டை 1693இல் எழும்பூர், புரசைவாக்கம் ஆகிய ஊர்களோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த ஊர். பின்னர் துறைமுகமும் இரயில்வேயும் ஆலைகளும் வளர, அவற்றின் தொழிலாளர்களுக்காகத் தெருக்கள் ஒட்டியொட்டி எழுந்தன. இந்த நீண்ட வரலாற்றின் விளைவாக ஒரே தெருவில் தனியார் மனை, கோயில் மனை, வாரியக் குடியிருப்பு, வாரிசுகள் பலருக்குப் பிரியாமல் கிடக்கும் பூர்விக வீடு ஆகியன அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றுள் எது எது என்று பிரித்தறிய ஒரு வாரம் போதாது. ஒரு மாதம் தேவைப்படும்.

முதலில் பார்க்க வேண்டியது வில்லங்கச் சான்றிதழ். குறிப்பிட்ட சொத்தின்மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான கிரையம், அடமானம், தானம், விடுதலை ஆகியவற்றைப் பட்டியலிடும் இச்சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பெறலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கறிஞர்களின் நடைமுறை. பதிவு செய்யப்படாத உயிலோ, வாய்மொழி ஏற்பாடோ, வாரிசுரிமையால் தாமாகவே உண்டான பங்குகளோ இதில் தெரியமாட்டா. எனவே இச்சான்றைத் தாய்ப்பத்திரம் எனப்படும் மூல ஆவணத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரையிலான பத்திரங்களின் தொடர்ச்சியோடும், வருவாய்த் துறையின் பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டு நகல் ஆகியவற்றோடும் ஒப்பிட வேண்டும். பத்திரத்தில் உள்ள பரப்பும் அளவைப் பதிவேட்டில் உள்ள பரப்பும் நேரில் அளந்த பரப்பும் ஒத்துவராத மனைகள் பழைய தெருக்களில் அரிதல்ல.

இரண்டாவது, அடிமனைச் சிக்கல். வடசென்னையில் பல வீடுகளில் கட்டடம் குடியிருப்போருக்கும், அது நிற்கும் மண் கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ உரியதாக இருக்கிறது. மண்ணுக்குச் செலுத்தப்படுவது மனை வாடகை. குத்தகை மனையில் வீடு கட்டியவரை வெளியேற்றத்திலிருந்து காத்து, நீதிமன்றத்தின் வழியாக அந்த மண்ணை விலைக்குக் கேட்கும் உரிமையையும் அளித்தது 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1996இல் செய்யப்பட்ட திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அச்சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து நீக்கிவிட்டது. ஆதலால் கோயில் அடிமனையில் உள்ள வீட்டை ‘மலிவான விலை’ என்று எண்ணி வாங்குபவர், கட்டடத்தை மட்டுமே வாங்குகிறார். மண்ணின் உரிமை அவரை வந்தடைவதில்லை.

மூன்றாவது, வாரியக் குடியிருப்புகள். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்பின் குடியிருப்புகள் இப்பகுதியில் ஏராளம். அவற்றுள் ஒதுக்கீட்டு ஆணை ஒன்று, கிரையப் பத்திரம் வேறு. முழுத் தொகையும் செலுத்தி வாரியத்திடமிருந்து கிரையப் பத்திரம் பெறாதவர் வீட்டை விற்க இயலாது. பொது அதிகார ஆவணத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்துக் கைமாறும் வீடுகளைப் பொறுத்தவரை, அவ்வகை ஆவணங்கள் உரிமையை மாற்றா என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

நான்காவது, சிறு அடுக்குமாடிகள். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டுக்கு மேற்படாத வீடுகளாகவோ கட்டப்படும் திட்டங்களுக்கு ஆணையத்தில் பதிவு கட்டாயமில்லை. தண்டையார்பேட்டையில் கட்டப்படும் அடுக்குமாடிகள் பலவும் 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர் கொண்ட ஒரு கிரவுண்டிலோ அதற்கும் குறைவான மனையிலோ எழுகின்றன. ஆணையத்தின் கண்காணிப்பு இல்லாத இவ்வீடுகளில், கட்டட அனுமதி வரைபடத்தை மாடி மாடியாக நின்று ஒப்பிடுவதும், பிரிக்கப்படாத நிலப் பங்கு எல்லா வீடுகளுக்கும் சேர்த்துச் சரியாகக் கூடுகிறதா எனக் கணக்கிடுவதும் வாங்குபவரின் பொறுப்பாகிறது. கடற்கரையை ஒட்டிய தெருக்களானால், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் கட்டுப்பாடுகளையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

விலையும் செலவும்

மார்கழியில் விலை வீழ்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை குறைவு. 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் நீண்டதும், 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டதும் இப்பகுதி விற்போரின் எதிர்பார்ப்பை உயர்த்தியுள்ளன. மார்கழியில் மாறுவது பேரத்தின் வேகம்: போட்டிக்கு வேறு ஆள் இல்லாதபோது விற்பவர் கேள்விகளுக்குப் பொறுமையாக விடையளிப்பார், ஆவணங்களின் நகலைத் தரத் தயங்கமாட்டார். தை வரை காத்திருக்காமல் இம்மாதத்திலேயே பணம் வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால், தள்ளுபடியைப் பற்றி மகிழும் முன் அந்த அவசரத்தின் காரணத்தை அறிவது முறை.

செலவுக் கணக்கையும் இப்போதே போட்டுவிடலாம். வழிகாட்டி மதிப்பு என்பது ஒவ்வொரு தெருவுக்கும் அரசு நிர்ணயித்துள்ள குறைந்தபட்ச மதிப்பு. அம்மதிப்பு, பேசிய விலை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன்மீது, கிரையத்துக்கு முத்திரைத் தீர்வையாக 7 சதவீதமும், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணமாக 2 சதவீதமும் செலுத்த வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. விலை 50 லட்சம் ரூபாயை எட்டினால், வாங்குபவர் அதில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்தும் கடமையும் உண்டு. வங்கிக் கடன் நாடுவோர் மார்கழியில் விண்ணப்பித்தால், சட்ட ஆய்வும் மதிப்பீடும் தை முகூர்த்தத்துக்குள் முடிய வாய்ப்பு அதிகம்.

விற்போரும் வாடகைக்கு விடுவோரும்

விற்பவருக்கும் இம்மாதம் வீணல்ல. பெற்றோர் பெயரிலேயே இருக்கும் பட்டாவை மாற்றுதல், வாரிசுச் சான்று பெறுதல், அடைத்து முடித்த கடனுக்கான இரசீது ஆவணத்தைப் பதிந்து அடமானத்தை நீக்குதல், சொத்து வரி நிலுவையைத் தீர்த்தல் ஆகியவற்றை முடித்துவைத்தால் தையில் பேரம் தடைப்படாது. பொங்கலுக்கு உடன்பிறந்தோர் ஒன்றுகூடும்போது பாகப்பிரிவினை குறித்துப் பேசி முடிப்பதும் எளிது. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதப்படும் இவ்வகை ஆவணங்களுக்கு 1 சதவீத முத்திரைத் தீர்வையே உண்டு. 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய்.

கார்த்திகைக் கடைசியில் காலியான வாடகை வீடு தை வரை பூட்டிக் கிடப்பது சென்னையில் இயல்பு. அந்த இடைவெளியில் உரிமையாளர் ஒழுகும் தளத்தைச் சரிசெய்து வெள்ளையடிக்கலாம்; குடிவருபவர் வீட்டைப் பார்த்து வாடகை பேசி, தையில் பால் காய்ச்ச ஏற்பாடு செய்துகொள்ளலாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கோருகிறது. வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் கூறுகிறது.

மார்கழியில் எடுத்த வில்லங்கச் சான்றிதழ் மார்கழி வரையே பேசும். இடைப்பட்ட வாரங்களில் வேறொரு ஆவணம் பதிவாகியிருக்கக்கூடும் என்பதால், தையில் கையெழுத்திடும் முன் அதை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். விசாரணை திருப்தி தராவிட்டால், முன்பணமும் கொடுக்கவில்லை, நாளும் குறிக்கவில்லை என்ற நிலையில் விலகிக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை. வாங்குபவருக்கு மார்கழி தரும் மிகப் பெரிய அனுகூலம் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கான இந்தச் சுதந்திரமே.