மூன்றே நாளில் அடங்கும் அரிப்பு

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்ததும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களில் நடவு வேலை தொடங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் தென்மேற்குப் பருவமழையில்தான் கூடலூர், கம்பம், போடிப் பக்கமிருந்து விடியற்காலை ஜீப்பேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் நாள் முழுக்க நனைகிறார்கள். ஈரத்துணியோடு மாலை வரை நின்றால் தொடையிடுக்கிலும் இடுப்பு மடிப்பிலும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அரிப்பு தாங்காமல் மருந்துக்கடையில் கேட்பது 'அரிப்புக்கு ஒரு டியூப்'. அந்த டியூப் பூஞ்சையைக் கொல்கிறதா, அரிப்பை மட்டும் அமுக்குகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பூஞ்சை மருந்தோடு பாக்டீரியா மருந்தையும் குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டையும் சேர்த்த கலவைக் களிம்புகள் நாடெங்கும் விற்றிருக்கின்றன. ஸ்டீராய்டு, தோலின் எதிர்ப்பு சக்தியை அடக்குகிறது. சிவப்பும் அரிப்பும் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவும். நிறுத்தியதும் முன்னிலும் அகலமாக, வளையத்துக்குள் வளையமாகத் திரும்பும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, தொடையில் வரிவரியாகத் தழும்பு விழும், அது மறைவதில்லை. மத்திய அரசு 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான்.

'ஸ்டீராய்டு இல்லாத மருந்தும் கேட்கவில்லையே' என்பார்கள். நியாயமான கேள்விதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்திய, நேபாள நோயாளிகளிடம் கண்டு 2020-இல் பெயரிட்ட ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சையில் பல வகைகள் டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு மசிவதில்லை. 2023-இல் நியூயார்க்கிலும் அது தென்பட்டது. ஸ்டீராய்டு கலவைகளின் கண்மூடித்தனமான பயன்பாடு இதற்கு வழிவிட்டது என்பதே தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து. ஒரு மருந்து கேட்காவிட்டால் வேறு பூஞ்சை மருந்தோ, இட்ரகொனசோல் போன்ற மாத்திரையோ தேவைப்படலாம். மாத்திரையை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஈரலையும் மற்ற மருந்துகளையும் பார்த்துத் தர வேண்டியது அது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மை, சிறிய இழப்புமல்ல. ஆனால் மாதாமாதம் வாங்கும் டியூப்புகளின் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசில்லை.

ஜெல் நல்லதா, க்ரீம் நல்லதா? வியர்க்கும் மடிப்பிலும் முடியுள்ள இடத்திலும் பிசுபிசுக்காமல் காய்வதால் ஜெல் வசதி. சேற்றுப்புண்ணாக விரலிடுக்கு வெடித்திருந்தால் பல ஜெல்கள் எரியும்; அங்கே க்ரீம் தேவலை. எதுவானாலும் தடவும் முறை முக்கியம். வளையத்தின் நடுவே தோல் தெளிந்திருக்கும், பூஞ்சை சுறுசுறுப்பாக இருப்பது சிவந்த விளிம்பில். பெரும்பாலோர் நடுவில் தேய்த்துவிட்டு விளிம்பை விட்டுவிடுகிறார்கள். விளிம்புக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை, நன்றாகத் துவட்டிய தோலில், மருத்துவர் சொன்ன வேளைகளில் தடவ வேண்டும். அரிப்பு நின்று தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது. வீட்டில் இன்னொருவருக்கு அரிப்பிருந்தால் அவருக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். ஒரே துண்டில் துவட்டினால் குணமானவருக்கே மறுபடி தொற்றும்.